டெஸ்ட் ஓகே என்ற இரண்டு வார்த்தை

எதிர்வீட்டுப் பிரகாஷ் பத்து பெரெண்டாம் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறார். தன் சொந்தக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற மென்பொருள்தான் போட்டிருக்கிறார். காசு கொடுத்து வாங்குவதில்லை, உலகம் முழுக்க இருக்கிற நல்ல மனசுக்காரர்கள் சேர்ந்து எழுதுவது என்று அதைப் பற்றிப் பெருமையாகப் பேசுவார். போன மாதம் ஒரு நாள் அந்தப் பெருமையெல்லாம் போய், முகம் தொங்கிப்போய் எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்தார்.

திரைக்கு அடியில் சின்னச் சின்னப் படங்கள் வரிசையாக நிற்கிற பட்டை ஒன்று இருக்கிறதாம். புதுப் பதிப்பு வந்ததும் அது காணாமல் போய்விட்டது. அதை எழுதுகிறவர்களுக்கு எழுதிக் கேட்டதில், சரிசெய்துவிட்டோம் என்றார்கள். அடுத்த பதிப்பில் பட்டை வந்தது, சத்தம் போய்விட்டது. அதற்கடுத்ததில் சத்தம் வந்தது, பட்டை மறுபடியும் போய்விட்டது. திரும்ப எழுதினால், ‘எங்களிடம் சரியாக ஓடுகிறது’ என்று ஒரு வரி பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார்களாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவருடைய பட்டைக்காக இல்லை. அந்தப் பதிலுக்காக.

“டெஸ்ட் ஓகேன்னுட்டானா?” என்று கேட்டேன். பிரகாஷுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இத எழுதிக் குடுங்க ஆன்ட்டி, எங்க லினக்ஸ் சங்க மலர்ல போட்டுருவோம். எங்க ஆளுங்க படிக்கட்டும்” என்றார். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். படித்துத் திருந்துவார்கள் என்ற நம்பிக்கையெல்லாம் எனக்கு இல்லை.

மலாயா சுதந்திரம் வாங்குவதற்குச் சற்று முன்னால் நான் மலாக்கா டவுனில் டெலிபோன் ஆப்பரேட்டராக வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது போன் செய்ய நினைப்பவர் தானாக எண்ணைச் சுழற்ற முடியாது. ரிசீவரை எடுத்தால் எங்கள் பலகையில் அவருக்குரிய விளக்கு எரியும். நாங்கள் ஒரு கயிற்றின் முனையை அந்த ஓட்டையில் செருகி, ‘நம்பர் ப்ளீஸ்’ என்போம். அவர் எண்ணைச் சொன்னதும் அதன் ஜோடிக் கயிற்றை எடுத்து அந்த எண்ணின் ஓட்டையில் செருகி மணியடிப்போம். பேசி முடித்து இருவரும் ரிசீவரை வைத்தால், கயிறுகளுக்குக் கீழே முடிந்தது என்று காட்டும் விளக்கு எரியும். கயிறுகளை உருவிவிடுவோம். அவ்வளவுதான் வேலை. ‘நம்பர் ப்ளீஸ்’ என்பதைச் சிரித்த குரலில் சொல்லப் பழகியதுதான் பயிற்சியில் பாதி. மீதிப் பாதி, முதுகு வளையாமல் உட்காரப் பழகியது.

அந்த இரண்டையும் எங்களுக்குப் பழக்கியவர் சூப்பர்வைசர் மிஸ் தெரசா. மலாக்காவில் உஜோங் பாசிர் பகுதிப் போர்த்துகீசியக் குடும்பத்துப் பெண்மணி. எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். நாற்காலி நம்பர்தான். “நாலாம் நம்பர், உன் குரல் தூங்குகிறது” என்று ஆங்கிலத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் வரும். கோபமே இருக்காது. அதனாலேயே பயமாக இருக்கும். கூன் போட்டு உட்கார்ந்தால் ஒரே ஒரு விரலால் முதுகுத்தண்டைத் தொட்டுவிட்டு நடந்துகொண்டே இருப்பார். சந்தாதாரர் எவ்வளவு கெட்ட வார்த்தை பேசினாலும் நாங்கள் ‘சாரி சார்’ என்பதற்கு மேல் ஒரு சொல் பேசக்கூடாது. திட்டு வாங்குகிறவளின் பின்னால் வந்து, அந்தத் திட்டு முடிகிறவரைக்கும் நின்றுவிட்டுப் போவார். ஆறுதல் சொல்ல மாட்டார். அவர் நிற்பதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

சுதந்திரம் வந்த சமயம் எங்களுக்கு ஒரு புதுப் பலகையும் வந்தது. பினாங்கு, கோலாலம்பூர் போன்ற வெளியூர் அழைப்புகளுக்கான பலகை. பழையதைவிட எல்லாவற்றிலும் உசத்தி என்று சொல்லி, மாலை போட்டுக் குங்குமம் வைக்காத குறையாக உள்ளே கொண்டுவந்து நிறுத்தினார்கள். வந்த முதல் வாரத்திலேயே அது தன் குணத்தைக் காட்டிவிட்டது. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும்போதே முடிந்தது விளக்கு தானாக எரியும். எரிந்த மறுவிநாடி லைன் கட்டாகிவிடும். நாங்கள் கயிற்றைத் தொட்டிருக்கவே மாட்டோம்.

அந்தப் பக்கம் பேசிக்கொண்டிருந்தவருக்கு இதெல்லாம் தெரியுமா? அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆப்பரேட்டர் என்று ஒரு பெண் இருக்கிறாள் என்பதுதான். கட்டானால் அவள்தான் கட் பண்ணினாள். தூங்கிக்கொண்டு கட் பண்ணினாள், அரட்டையடித்துக்கொண்டு கட் பண்ணினாள், திமிர் பிடித்துக் கட் பண்ணினாள். இதில் எதையாவது ஒன்றைக் கேட்காமல் நாங்கள் வீடு திரும்பிய நாள் கிடையாது.

மிஸ் தெரசாவிடம் சொல்வோம். அவர் மெக்கானிக்கைக் கூப்பிடுவார். தலைமை மெக்கானிக் ராசையா நம் ஆள்தான். நல்ல படிப்பு, மடிப்புக் கலையாத காக்கி உடை, காதுக்குப் பின்னால் பென்சில். பலகையின் முதுகைத் திறந்து, தன் சோதனைப் பெட்டியின் கம்பியைச் செருகி, ரிசீவரைக் காதில் வைத்து, “ஹலோ ஹலோ” என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொள்வார். அப்புறம் மூடியைச் சாத்திவிட்டு, “டெஸ்ட் ஓகே” என்பார். அவ்வளவுதான், புகார் முடிந்தது. நாங்கள் அன்றைக்கெல்லாம் பட்டது ஒன்றும் நடக்கவே இல்லை என்று அதற்கு அர்த்தம். அவர் அந்தப் பக்கம் போனதும் மிஸ் தெரசா ஒரு சிலுவை போட்டுக்கொள்வார்.

புகார் அதிகமானதும் வெளிநாட்டிலிருந்து புதுப் பாகங்கள் வந்தன. மாட்டினார்கள். கட்டாவது நின்றது. அப்பாடா என்று மூச்சு விட்டோம். ஆனால் மூவாருக்கு அடித்தால் சிரம்பானில் மணி அடித்தது! பல் டாக்டரைக் கேட்டவருக்குப் போலீஸ் ஸ்டேஷன் கிடைத்தது. அதையும் சொன்னோம். வேறு பாகங்கள் வந்தன. மணி சரியான ஊரில் அடித்தது. கட்டாவது திரும்ப வந்துவிட்டது. இப்படியே மாற்றி மாற்றி ஓடியது. ஒவ்வொரு முறையும் ‘இதோடு எல்லாம் சரி’ என்றார்கள். ஒவ்வொரு முறையும் ராசையா ஹலோ ஹலோ சொல்லிப் பார்த்து டெஸ்ட் ஓகே என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை. அவர் ஹலோ சொன்ன அந்த அரை நிமிஷத்தில் சரியாகத்தான் இருந்தது. அந்த அரை நிமிஷம் மட்டும்தான் உண்மை, மீதி நாளெல்லாம் நாங்கள் சொல்வது கட்டுக்கதை என்று முடிவுசெய்தார்களே, அதுதான் என்னால் தாங்க முடியாதது.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் காமாட்சி இருந்தாள். காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் கூப்பிடு தூரம்தான். இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சைக்கிளில் வேலைக்குப் போவோம். அவள் மலாக்கா செட்டிக் குடும்பத்துப் பெண். பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து வேர்விட்டவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள், பெயரெல்லாம் நம் பெயர்தான். ஆனால் வீட்டில் பேசுவது மலாய். காமாட்சிக்குத் தமிழ் ஒரு வார்த்தைகூடப் பேச வராது. அவள் அப்பாவுக்குக் கண் பார்வை போய்விட்டதிலிருந்து அந்த வீடு அவள் சம்பளத்தில்தான் நடந்தது. வேலையில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. மிஸ் தெரசாவின் விரல் அவள் முதுகைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

டவுனில் பெரிய மளிகைக் கடை வைத்திருந்த செட்டியார் ஒருவர். செட்டிநாட்டுக் குடும்பம், நாலு பேர் மதிக்கிற மனிதர். அவருடைய மகளைப் பினாங்கு ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். கஷ்டமான பிரசவம். மருமகன் அங்கிருந்து போன் செய்து, “மாமா, டாக்டர் இப்பத்தான் வந்து சொன்னாரு...” என்று ஆரம்பித்தபோது லைன் கட்டானது. அந்த நாற்காலியில் இருந்தவள் காமாட்சி.

யோசித்துப் பாருங்கள். அந்த இடத்தில் கட்டானால் ஒரு தகப்பன் என்ன ஆவார்? அவர் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் எக்ஸ்சேஞ்சுக்கே நடந்து வந்து கல்லெறிந்திருப்பேன்.

அவர் உடனே திரும்ப எடுத்தார். பதறிப்போய்த் தமிழில் கொட்டினார். காமாட்சிக்கு ஒன்றும் புரியவில்லை. மலாயில் மரியாதையாக, எந்த ஊர், எந்த நம்பர் வேண்டும் என்று கேட்டாள். அவர் இவளுடைய பெயரைக் கேட்டார். ‘காமாட்சி செட்டி’ என்றாள். அது அவளுடைய முழுப்பெயர்.

அங்கேதான் வந்தது வினை. செட்டி என்றதும் அவர் தம்முடைய ஆட்கள் வீட்டுப் பெண் என்றே நினைத்துவிட்டார். நம் வீட்டுப் பெண் ஒருத்தி வேலைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு, தாய் பாஷை தெரியாத மாதிரி மலாய் பேசி நடிக்கிறாள், லைனையும் வேண்டுமென்றே கட் பண்ணினாள் என்று எடுத்துக்கொண்டார். காமாட்சி பினாங்கைத் திரும்பப் பிடிக்கப் பாடுபட்டாள். லைன் கிடைப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. தாயும் பிள்ளையும் நல்லபடியாகத்தான் இருந்தார்கள். ஆனால் அதுவரைக்கும் செட்டியார் பட்ட பாட்டுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். மறுநாள் காலையில் எங்கள் ஆபீசரிடம் நேரில் வந்து புகார் கொடுத்துவிட்டார்.

ஆபீசர் புதியவர். வெள்ளைக்காரர் ஊருக்குப் போனதும் அவர் இடத்துக்குக் கோலாலம்பூரிலிருந்து வந்தவர். நம் நாட்டுக்காரர் வந்துவிட்டார், இனி நம் கஷ்டம் கேட்பார் என்று நாங்களெல்லாம் சந்தோஷப்பட்டிருந்தோம். அவர் முதலில் ராசையாவைக் கூப்பிட்டார். ராசையா வந்து ஹலோ ஹலோ சொல்லிப் பார்த்துவிட்டு, டெஸ்ட் ஓகே என்று அறிக்கை சொன்னார். பலகை சரி என்றால் தப்பு யாருடையது? ஆள்தான் மிச்சம். காமாட்சி நேற்று நடந்ததைச் சொல்ல வாயைத் திறந்தபோதே ஆபீசர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். செட்டியாரிடம் தமிழில் மன்னிப்புக் கேட்க வேண்டும், அதுவும் தன் முன்னாலேயே போனில் கேட்க வேண்டும், இல்லையென்றால் வேலை கிடையாது என்றார். ஆபீசருக்குத் தமிழ் தெரியாது. அவளுக்கு அதைக் கற்றுக்கொடுக்கிற பொறுப்பை என் தலையில் கட்டினார்.

சாப்பாட்டு வேளையில் நாங்கள் இரண்டு பேரும் சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் நின்றோம். நான் மலாயில் அவளுக்கு நல்லது சொல்வதாக நினைத்துக்கொண்டு, ‘மன்னிச்சிருங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ, அப்பாவை நினைத்துப் பார்’ என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். இன்றைக்கு நான் மன்னிப்புக் கேட்டால் கட் பண்ணினவள் நான்தான் என்று ஆகிவிடும், நாளைக்கும் அது கட்டாகும், நாளைக்கும் நான்தான் கேட்க வேண்டும், அப்புறம் உனக்கும் அதே கதிதான் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அழவில்லை.

“சாயா தாக் போத்தோங்” என்றாள். நான் கட் பண்ணவில்லை என்று அர்த்தம். “இதத் தமிழ்ல எப்படிச் சொல்லணும்? அத மட்டும் சொல்லிக் குடு” என்று மலாயில் கேட்டாள்.

சொல்லிக்கொடுத்தேன். ‘நான் கட் பண்ணலைங்க. அதுவா கட்டாயிருச்சு.’ அவள் வாயில் ‘ருச்சு’ வரவில்லை. ‘ரூசு, ரூசு’ என்றே வந்தது. சாப்பாட்டை மறந்து அதையே சொல்லிச் சொல்லிப் பழகினாள்.

மறுநாள் காலை ஆபீசர் வந்து ஒரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். மிஸ் தெரசா நாற்காலிக்குப் பின்னால் நின்றார். மெக்கானிக் தன் அறையில் இருந்தார். செட்டியார் கடைக்குச் சாதாரண லைனில் பேசினால் போதாதா? போதும். ஆனால் அன்று கட்டான அதே பலகையிலிருந்துதான் கேட்க வேண்டும் என்று ஆபீசருக்கு ஒரு பிடிவாதம். காமாட்சி கயிற்றைச் செருகி மணியடித்துவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்து மடியில் கோத்துக்கொண்டாள். எல்லோரும் பார்க்கட்டும் என்றே அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரிந்தது.

செட்டியார் எடுத்தார். அவள் தெளிவாகச் சொன்னாள். “நான் கட் பண்ணலைங்க. அதுவா கட்டாயிருச்சு.”

ஆபீசர் திருப்தியாகத் தலையாட்டினார். மன்னிப்பு நடக்கிறது என்று நினைப்பு. அந்தப் பக்கம் செட்டியார், “என்னம்மா சொல்றே? அப்ப யாரு கட் பண்ணா?” என்று கேட்டார். காமாட்சிக்கு அது எங்கே புரியும்? தெரிந்ததையே திரும்பச் சொன்னாள். அவர் சத்தமாகக் கேட்டார். அவள் இன்னொரு முறை சொன்னாள். இவ்வளவு பணிவாகக் கேட்கிறாளே என்று ஆபீசர் அவளைப் பார்த்துப் புன்னகையே செய்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். அப்போது அந்த விளக்கு எரிந்தது. லைன் கட்டானது.

கோத்த கை மடியிலேயே இருந்தது. ஆபீசர் அதைப் பார்த்தார். பார்த்ததை நான் பார்த்தேன். இனிமேல் என்ன சொல்வார் என்று காத்திருந்தேன். மனிதர் தொண்டையைச் செருமிக்கொண்டு, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள் என்றார்.

ராசையா வந்தார். முதுகைத் திறந்தார். ஹலோ ஹலோ என்றார். “டெஸ்ட் ஓகே, சார்.” ஆபீசர் காமாட்சியின் பக்கம் திரும்பினார். கண்ணால் பார்த்ததைக்கூட அந்த இரண்டு வார்த்தை அழித்துவிடும் போலிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பலகையை எட்டி உதைத்திருப்பேன். சேலை தடுக்கும் என்றுதான் விட்டேன்.

மிஸ் தெரசாதான் முன்னால் வந்தார். காமாட்சியின் தோளைத் தொட்டு எழுப்பினார். அவள் தலையிலிருந்த ஹெட்செட்டைக் கழற்றி ராசையாவிடம் நீட்டினார்.

“பலகை சரியாக இருக்கிறது என்றால் நீங்கள் உட்காருங்கள்” என்றார் ஆங்கிலத்தில். “என் பெண்களுக்கு ஓய்வு வேண்டும்.”

ராசையா சிரித்தார். ஆபீசரைப் பார்த்தார். ஆபீசர் பலகையின் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். வேறு வழியில்லாமல் ராசையா உட்கார்ந்தார். முதல் அழைப்பு ஒழுங்காகப் போனது. பார்த்தீர்களா என்பது மாதிரி எங்களைப் பார்த்தார். இரண்டாவதும் போனது. அந்தப் பாழாய்ப்போன பலகை அவரைக் காப்பாற்றிவிடும் போலிருந்தது. மிஸ் தெரசா அவருடைய முதுகில் ஒரு விரலை வைத்தார். ராசையா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்புறம் செட்டியாரின் விளக்கு எரிந்தது. மன்னிப்புக் கேட்கச் சொன்னால் எதிர்த்துப் பேசிவிட்டு மறுபடியும் கட் பண்ணுகிறாளே என்று அவர் சத்தம் போட்டது, ஹெட்செட்டை மீறி எங்களுக்கே கேட்டது. ராசையா தமிழில் குழைந்து, இனிமேல் அப்படி நடக்காது, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சமாதானம் சொன்னார். சரி, பினாங்குக்குப் போடு, பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார் செட்டியார். போட்டுக் கொடுத்தார். அப்பாவும் மகளும் பேச ஆரம்பித்தார்கள். விளக்கு எரிந்தது.

செட்டியார் திரும்ப வந்தபோது அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. நாங்கள் நாள் முழுக்க வாங்குகிற அதே திட்டுதான். ராசையா அதுவரைக்கும் அதைக் கேட்டதில்லை. அவருக்கு வியர்த்துவிட்டது. காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது.

“ஐயா... ஐயா, நான் கட் பண்ணலைங்க! அதுவா கட்டாயிருச்சு!”

அறையில் இருந்த தமிழ் தெரியாதவர்களில் அதைப் புரிந்துகொண்டவள் காமாட்சி ஒருத்திதான். அவளுக்குத் தெரிந்த தமிழே அவ்வளவுதானே. ராசையாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபீசர் என்னிடம், அவர் என்ன சொன்னார் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். காமாட்சி சொன்னதும் இதேதான், சார், இதே வார்த்தைகள்தான் என்றும் சேர்த்துச் சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதே வார்த்தையை மெக்கானிக் வாயிலும் கேட்டுவிட்ட செட்டியார், அன்று மாலையே ஆள் அனுப்பிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காமாட்சியின் வேலை போகவில்லை. ராசையா அந்த ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு எழுந்து போனதிலிருந்து, எங்களிடம் டெஸ்ட் ஓகே என்று சொல்வதை நிறுத்திக்கொண்டார். பார்க்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பலகை கடைசிவரைக்கும் சரியாகவே இல்லை. தானாக எண் சுழற்றுகிற புது இயந்திரம் வந்தபோதுதான் அதைத் தூக்கி வெளியே போட்டார்கள்.

கதை நல்லபடியாக முடிந்துவிட்டதே, இன்னும் எதற்கு ஆன்ட்டி கோபம் என்று பிரகாஷ் கேட்டார். நல்லபடியாகத்தான் முடிந்தது, எல்லோருக்கும். ஆபீசருக்குப் புகார் தீர்ந்தது. செட்டியாருக்குப் பேரன் பிறந்தான். மெக்கானிக்குக்குப் புத்தி வந்தது. ஒரு மன்னிப்புக்காக அவள் வேலையையே பறிக்கப் பார்த்தார்களே, எல்லாம் தெரிந்த பிறகு அந்தப் பெண்ணிடம் வந்து மன்னிப்புக் கேட்க அவர்களில் ஒருத்தருக்காவது வாய் வந்ததா? மலாயில் இல்லை. ஆங்கிலத்தில் இல்லை. தமிழிலும் இல்லை.